ஆறுக்கு அப்புறம் ஏழு வராது

கீழக்குயில்குடியில் 'ஷூட்டிங்' என்றால் யாரும் துப்பாக்கியை நினைக்க மாட்டார்கள். சமணர் மலை அடிவாரத்தில் என்ன படம், யார் ஹீரோ என்றுதான் கேட்பார்கள். இந்தக் குறிப்பு இரண்டு ஷூட்டிங்கையும் பற்றியது. ரிவால்வர் போட்டிக்காரர்கள் வருஷக்கணக்கில் பழகுகிற ஒரு வேலையை நம்ம சினிமா கண்டுகொள்வதே இல்லை. தோட்டா தீர்ந்ததும் திரும்ப நிரப்புவதைச் சொல்கிறேன்.

1999-ல் அமெரிக்கரான ஜெர்ரி மிக்குலெக் ஆறு ரவுண்டு சுட்டு, ரீலோட் செய்து, மறுபடி ஆறு சுட்டார். எல்லாம் சேர்த்து 2.99 விநாடி. அவர் கையில் இருந்தது ஸ்மித் அண்ட் வெசன் 625. அந்த மாடலின் மகிமை சுடுவதில் இல்லை, நிரப்புவதில். ஆறு தோட்டாக்களையும் 'மூன் கிளிப்' என்கிற மெல்லிய இரும்புத் தகடு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். தோட்டா குட்டை, தடிமன். மொத்தமாக விழும், மொத்தமாக வெளியே வரும். போட்டிக்கு ரிவால்வர் தேர்வு செய்பவர் முதலில் பார்ப்பது இதைத்தான். பழகுவது டம்மி தோட்டாவில், ஆயிரக்கணக்கான தடவை. விரல் வேகம் மட்டும் போதாது. அடுத்த கிளிப் இடுப்பில் எங்கே இருக்கிறது என்று கண் பார்க்காமலே கைக்குத் தெரியணும்.

கௌபாய் படங்களில் வருகிற 1873 மாடல் கோல்ட் இதற்கு நேர் எதிர். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. காலிக் குப்பியை ஒவ்வொன்றாகத் தள்ளி, தோட்டாவை ஒவ்வொன்றாகப் போடணும். ஆறு தீர்ந்தால் ஆள் காலி. செர்ஜியோ லியோனே இதைப் புரிந்துகொண்டவர். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) கிளைமாக்ஸே, ஒருத்தன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதில்தான் நிற்கிறது. 'டர்ட்டி ஹாரி' (1971) சுட்டது ஐந்தா ஆறா என்ற கணக்கை வைத்தே ஒரு மிரட்டலைக் கட்டியது.

நம்ம கர்ணன், ஜெய்சங்கரை வைத்து 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) எடுத்தார். குதிரை, தொப்பி, புழுதி எல்லாம் வந்து சேர்ந்தன. அந்தக் கூட்டல் கழித்தல் மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் இது லைசென்சில் எத்தனை தோட்டா வாங்கலாம் என்று எழுதிக்கொடுக்கிற நாடு!

இங்கே ரீலோட் வேகம் வளராததற்கு விளையாட்டு விதியும் ஒரு காரணம். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் ஒரு சீரிஸுக்கு ஐந்து ரவுண்டு. வேகப் பகுதியில் இலக்கு மூன்று விநாடி முகம் காட்டும், ஏழு விநாடி மறைந்திருக்கும். முகம் காட்டும்போது ஒரே ஒரு குண்டு. நிரப்புவது கடிகாரத்துக்கு வெளியே. நம்ம ஆர்டினன்ஸ் ஃபேக்டரியின் .32 ரிவால்வரை நடுவில் மடக்கினால் ஆறு குப்பியும் ஒன்றாக எழும்பி வருகின்றன. நல்ல வசதிதான், ஆனால் அவசரப்படுத்த ஆளில்லை. இருந்தாலும் அங்கே யாரும் எண்ணாமல் சுடுவதில்லை.

அஜித் குமார் 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கங்கள் வாங்கினார். அடுத்த ஜனவரியில் 'துணிவு'. நானும் தோட்டாக்களை எண்ண ஆரம்பித்தேன், சீக்கிரமே கைவிட்டேன். ரேஞ்சில் ஒவ்வொன்றாக எண்ணிச் சுட்ட அதே கை இது. அந்தப் பழக்கத்தைத் திரைக்கதையில் ஒரு இடத்திலாவது கேட்டிருக்கலாம்.

ரீலோட் காட்டினால் சண்டையின் வேகம் குறையும் என்பார்கள். மிக்குலெக் கணக்கில் மூன்று விநாடிகூட ஆகாது. பழைய கோல்ட் என்றால் அரை நிமிடம் பிடிக்கும்தான். அதுவரைக்கும் ஹீரோ ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரட்டுமே. பாறைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.