குறைத்தொடரும் முற்றுத்தொடரும்: தொடக்க வகுப்புத் தொடராக்கப் பயிற்சி குறித்த ஒரு மதிப்பீடு

எழுதப் பழகும் மாணவர்க்குக் குறைத்தொடரைத் தந்து அதனை முழுத்தொடராக்கச் செய்வது தொடக்க வகுப்புகளில் நெடுநாள் வழக்கிலுள்ள பயிற்சியாகும். அதற்குத் தரப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே: எழுவாயும் வினையும் இருப்பின் தொடர் முழுமை பெறும், இரண்டில் ஒன்று இல்லையேல் குறையுடையது. இவ்விளக்கம் ஆங்கிலத்திற்குப் பொருந்துவது. அம்மொழியில் ஏவல் போன்ற சில இடங்கள் நீங்கலாக எழுவாயை விட இயலாது. வினையின்றித் தொடர் முடிவதும் அரிது. தமிழ் அவ்வாறன்று. இதனை இலக்கணம் பயின்றோர் யாவரும் அறிவர். ஆயினும் ஏடு திருத்தும்போது மறந்துவிடுகின்றனர்.

'தமிழ்நாட்டின் மாநில மரம் பனை' என எழுதிய குழந்தைக்கு 'ஆகும்' சேர்க்கப்படுகிறது. 'நேற்று வந்தேன்' என்பதில் 'நான்' இல்லையென அடிக்கோடு விழுகிறது. 'வந்தேன்' என்பதன் 'ஏன்' விகுதியே தன்மை ஒருமையை உணர்த்திவிடுகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாயைத் தேடச் சொன்னால் ஆசிரியரே இடர்ப்படுவார். தொல்காப்பியர் வேற்றுமையியலில் எழுவாய் கொள்ளும் பயனிலைகளை ஆறாக வகுக்கிறார். வினையோடு பெயரும் பண்பும் வினாவும் அவற்றுள் அடங்கும். உயர்நிலை வகுப்பில் தோன்றா எழுவாயையும் பெயர்ப்பயனிலையையும் நாமே கற்பிக்கிறோம். மூன்றாம் வகுப்பில் பிழையென அடித்தது ஆறாண்டுகளில் இலக்கணமாகிவிடுகிறது!

அவ்வாறாயின் உண்மையான குறைத்தொடர் யாது? 'மழை பெய்ததால்', 'பாடம் படித்துவிட்டு', 'கடைக்குப் போன' என்பன போல எச்சத்தோடு நிற்பனவே பெரும்பாலும் குழந்தையின் எழுத்தில் குறையாகின்றன. முற்று, எச்சம் என்னும் பாகுபாடு இங்குப் பெரிதும் உதவும். அதற்குக் கலைச்சொல்லும் வேண்டியதில்லை. தொடரை உரக்கப் படித்து 'அதனால்?', 'பிறகு?', 'யார்?' எனக் கேட்டால் போதும். குழந்தை தானே குறையை உணரும். பெயரெச்சத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 'கடைக்குப் போன அண்ணன்' என்றதும் எச்சம் பெயர் கொண்டு முடிந்துவிடுகிறது, தொடர் முடியவில்லை. 'அண்ணன் என்ன செய்தான்?' என்ற இரண்டாம் வினா எழவேண்டும். பல பயிற்சிகள் இவ்விரு படிகளையும் ஒன்றாகக் கொள்வதால், பெயரைச் சேர்த்த அளவிலேயே பணி முடிந்ததாகக் குழந்தை கருதுகிறது.

ஒற்றைவரிப் பயிற்சிகள் தொடாத சிக்கல் மற்றொன்று. ஏழெட்டு வரி எழுதத் தொடங்கும் குழந்தை, 'காலையில் எழுந்து பல் துலக்கி அம்மா இட்லி கொடுத்துச் சாப்பிட்டுப் பள்ளிக்கு வந்து' என வினையெச்சங்களை அடுக்கிச் செல்லும். முற்று இல்லாமை மட்டும் இதன் குறையன்று. இடையில் வினைமுதலும் மாறிவிடுகிறது. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது வினையியல் விதி. 'அம்மா கொடுத்த இட்லியைச் சாப்பிட்டு' எனப் பெயரெச்சமாக்கினால் சிக்கல் தீரும். இவ்விதியையும் கண்மூடிப் பின்பற்றலாகாது: 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதில் வினைமுதல் வேறாயினும் அதனைப் பிழையென எவரும் கொள்ளார். ஒரு முற்றை வெற்றிடத்தில் நிரப்புவதைவிட, இத்தகைய அடுக்கை எங்கே வெட்டுவது, எங்கே இணைப்பது என்று பழக்குவதே எழுத்துத்திறனை வளர்க்கும்.

பேச்சை இப்பயிற்சிக்கு உட்படுத்துவதும் பொருத்தமன்று. 'எங்கே போகிறாய்?' என்னும் வினாவுக்கு 'வீட்டுக்கு' என்பது நிறைவான விடை. எஞ்சியதை வினாவே தந்துவிடுகிறது. அதனையும் 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என முழுமையாகச் சொல்லக் கட்டாயப்படுத்துமிடத்து, வீட்டுமொழியும் பள்ளிமொழியும் வேறுபட்ட முதல் தலைமுறை மாணவன் வாய் திறக்கவே தயங்குவான். எழுத்தின் நிலை வேறு. படிப்பவர்முன் வினா இல்லையாதலால், அது தந்ததை எழுதுபவரே தரவேண்டியுள்ளது.

எனவே, 'எழுவாயும் வினையும் சேர்த்து எழுதுக' என்னும் கட்டளையை 'முடியாத தொடரை மட்டும் முடித்து எழுதுக' என மாற்றலாம். கொடுக்கும் தொடர்களுக்கிடையே 'இது என் பை', 'நாளை வருவேன்' போன்ற முடிந்த தொடர்கள் சிலவற்றையும் கலந்து வைக்கவேண்டும். அவற்றைத் தொடாமல் விடும் குழந்தைக்கும் மதிப்பெண் உண்டு.