திவாலாகாத நகரத்தின் ஓய்வூதியம்

டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலை 18 அன்று திவால் மனு போட்டபோது அதன் கடன் சுமார் 1,800 கோடி டாலர். ஓய்வூதிய நிதியில் மட்டும் 350 கோடி டாலர் துண்டு விழுகிறது என்றார், மாநில அரசு அமர்த்திய நிர்வாகி கெவின் ஓர். ஓய்வூதியத்தில் கை வைக்கக் கூடாது என்று மிச்சிகன் மாநில அரசமைப்பே சொல்லியிருந்தும், திவால் சட்டத்தின் முன் அந்தக் காப்பு செல்லாது என்று நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் தீர்ப்பளித்தார். கடைசியில் காவல், தீயணைப்புத் துறை சாராத நகர ஊழியர்களின் ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறைந்தது. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஏறிவந்த படியும் போனது. நகர அருங்காட்சியகத்தின் ஓவியங்கள் ஏலத்துக்குப் போகாமலிருக்க அறக்கட்டளைகளும் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் தர முன்வந்ததால்தான் வெட்டு அதோடு நின்றது.

"நம்மூரில் இப்படி நடக்காது" என்று சிங்கப்பூரில் சொல்வார்கள். உண்மைதான், நடக்காது. ஏன் நடக்காது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் தீவின் வடக்கே இருக்கும் கிராஞ்சிக்குப் போகலாம்.

முதலில் ஏற்பாட்டைப் பார்ப்போம். சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதி (சிபிஎஃப்) 1955 ஜூலையில் தொடங்கியபோது, சம்பளத்தில் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. இன்று 55 வயது வரை தொழிலாளி 20, முதலாளி 17. அரசு ஊழியர்களுக்கு இருந்த ஓய்வூதியமும் 1986 டிசம்பருக்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இல்லாமல் போனது. பழையவர்களுக்குத் தர வேண்டியதற்கு 1995இல் தனி நிதி ஒதுக்கினார்கள். 2012இல் அமைச்சர்களின் ஓய்வூதியத்தையும் எடுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய கடனை அரசு மாதாமாதம் சம்பளத்தோடு தீர்த்துவிடுகிறது. நிலுவை என்று ஒன்று உருவாகவே வழியில்லை.

இனி கிராஞ்சி. 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்குள்ள பந்தயத் திடலில் கடைசிக் குதிரை ஓடி முடிந்தது. 1842இல் தொடங்கிய டர்ஃப் கிளப் தன் 120 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே வீடுகள் எழப்போகின்றன. அவற்றில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடு வாங்குகிறவர் முன்பணத்தையும் மாதத் தவணையையும் பெரும்பாலும் சேமநிதிக் கணக்கிலிருந்துதான் கட்டுவார். 1968 முதல் அதற்கு அனுமதி இருக்கிறது. வீவக அந்த நிலத்துக்குச் சந்தை மதிப்பை அரசுக்குச் செலுத்தும். அந்தப் பணம் அன்றாடச் செலவுக்கு வராமல், அதிபரின் ஒப்புதலின்றித் தொட முடியாத இருப்புநிதியில் போய்ச் சேரும். சேமநிதி வாரியமோ தன் கையிருப்பைச் சிறப்பு அரசுக் கடன்பத்திரங்களில் போடுகிறது. அந்தப் பத்திரங்களுக்குப் பின்பலமாக நிற்பது அரசின் அதே சொத்துகள்தான். ஆக, ஓய்வுக்காலத்துக்கென்று பிடித்த பணம் மண்ணாகி, மண் இருப்புநிதியாகி, இருப்புநிதி ஓய்வுக்காலப் பணத்துக்கு ஜாமீன் நிற்கிறது.

கணக்கர்களின் கண்ணுக்கு இது அழகு. எனக்கும்தான். ஆனால் இந்தச் சுற்றில் அரசின் பேரேட்டில் குறையாத ஒன்று முதியவர் வீட்டில் குறைகிறது. 99 ஆண்டுக் குத்தகையில் வீடு இருக்கும், கையில் காசு இருக்காது. இது கட்டுக்கதை என்றால், வாழ்நாள் முழுதும் குறைந்த சம்பளம் வாங்கிய மூத்தோருக்குக் காலாண்டுதோறும் பணம் தரும் சில்வர் சப்போர்ட் திட்டத்தை 2016இல் அரசு தொடங்கியிருக்க வேண்டியதில்லை.

வாக்குறுதி அசையவில்லை என்றும் சொல்ல முடியாது. சேமநிதியை எடுக்கும் வயதை 55இலிருந்து 60 ஆக்கலாம் என்று 1984இல் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு சொன்னது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு 13 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வயதை விட்டுவிட்டார்கள். 1987இல் குறைந்தபட்சத் தொகை வந்தது. 30,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அதன் வாரிசான முழு ஓய்வுக்காலத் தொகை 2026இல் 220,400 வெள்ளி. தங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு 2014இல் ஹோங் லிம் பூங்காவில் மக்கள் கூடியது சும்மா இல்லை. ஆனாலும் 2009இல் வந்த சிபிஎஃப் லைஃப் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உயிருள்ளவரை மாதாமாதம் பணம் வரும், நெடுநாள் வாழ்பவரின் சுமையை எல்லாரும் சேர்ந்து தாங்குவார்கள். தனித்தனிச் சேமிப்பு மட்டும் முதுமைக்குப் போதாது என்று சிங்கப்பூரே ஒப்புக்கொண்ட இடம் அது.

சிங்கப்பூருக்கு எதிர்முனை தமிழ்நாடு. இந்தியாவில் மாநகராட்சியோ மாநில அரசோ திவால் மனு போடச் சட்டத்தில் இடமில்லை. அதனால் அங்கே ஓய்வூதியம் வேறு விதமாக உடைகிறது. அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்களுக்கு 1998இல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைத்தார்கள். அறக்கட்டளைக்குப் பணம் தர வேண்டியவை நஷ்டத்தில் ஓடும் கழகங்கள். தங்கள் சம்பளத்தில் பிடித்த பணமே டீசலுக்கும் உதிரிபாகத்துக்கும் போனது என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் புகார். ஓய்வுபெற்ற ஓட்டுநர், நடத்துநர்களுக்கு 2015 நவம்பரிலிருந்து அகவிலைப்படி உயர்வு பல ஆண்டுகள் நின்றுபோனது. 2024 ஜனவரியில், பொங்கல் கூட்டத்துக்குச் சற்று முன், பேருந்துகளை நிறுத்தியவர்களின் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று.

டெட்ராய்ட்டில் நீதிமன்றம் இருந்தது, தேதி இருந்தது, 4.5 என்ற எண் இருந்தது. வெட்டை ஏற்பதா என்று ஓய்வூதியர்கள் வாக்களித்தார்கள். தமிழ்நாட்டு நடத்துநருக்கு நடந்ததற்கு எந்தத் தீர்ப்பும் இல்லை. விலைவாசி ஏற ஏறப் படி மட்டும் நின்றால் சில ஆண்டுகளிலேயே அந்த வெட்டு டெட்ராய்ட்டின் 4.5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். திவால் என்ற பேரில்லாத திவால்தான் மோசமானது என்பது என் முடிவு.

2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்த அரசு ஊழியர்களைப் பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றிய மாநிலம், 2026 ஜனவரியில் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதியளிக்கும் புதிய திட்டத்தை அறிவித்தது. ஊழியர் 10 விழுக்காடு தருவார், மீதியை அரசு ஏற்கும், தொடக்கத்தில் 13,000 கோடி ரூபாய் நிதியில் போட வேண்டும். சிங்கப்பூர் விட்டுவிட்ட பாதுகாப்பு இதில் இருக்கிறது. நிதி ஒழுக்கம் இருக்குமா என்பது ஒவ்வொரு பட்ஜெட்டிலும்தான் தெரியும். போக்குவரத்து அறக்கட்டளையின் வரலாற்றைப் பார்த்தவர்கள் சந்தேகப்படுவது நியாயம்.

அப்படியானால் சிங்கப்பூர் பக்கம்தான் தட்டு தாழ்கிறதா? தாழ்கிறது, குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணினால். கிராஞ்சியின் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழர்கள் அந்த எண்ணிக்கையில் இல்லை. இந்தத் தீவின் வீவக வீடுகளைக் கட்டுகிற கைகளில் அவர்கள் கைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத் திரும்புகிறார்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்குச் சேமநிதி கிடையாது. ஆனால் முதலாளி அவருக்காக ஒன்றும் கட்டுவதில்லை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்த கட்டுமான ஊழியருக்கு, திறன் நிலைக்கு ஏற்ப மாதம் 500 அல்லது 900 வெள்ளி தீர்வை கட்டுகிறார். அது முழுவதும் அரசுக்கு.

அவர்கள் ஊர் திரும்புகிறவர்கள், பிற்காலத்துக்குப் பூட்டி வைப்பதைவிட இன்று கையில் வரும் காசைத்தான் விரும்புவார்கள் என்பது வழக்கமான பதில். வேலை செய்யும் ஆண்டுகளுக்கு உச்ச வரம்பு இருந்தவரை அதில் ஓரளவு பொருள் இருந்தது. 2025 ஜூலையில் அந்த வரம்பை நீக்கினார்கள், வயது வரம்பையும் 63 ஆக்கினார்கள். இருபத்தைந்து வயதில் வந்தவர் தன் உழைப்புக் காலம் முழுவதையும் இங்கேயே கழிக்கலாம். முதுமைக்கு மட்டும் இங்கே இடமில்லை.

கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு எதிரே 170ஆம் எண் பேருந்தில் ஏறினால் பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூர். அங்கே 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயம்: முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. சொற்பம்தான், ஆனால் தொழிலாளியின் பேரில் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூர் இதைவிடச் சிறப்பாகச் செய்யலாம். அந்த 500 வெள்ளித் தீர்வையில் மாதம் 100 வெள்ளியை அவர் பேருக்குத் திருப்பி, 4 விழுக்காடு வட்டி கொடுத்தால் இருபது ஆண்டில் 36,000 வெள்ளியைத் தாண்டும். முதலாளிக்குச் செலவு ஏறாது, தொழிலாளியின் கையில் வரும் சம்பளமும் குறையாது. அரசின் தீர்வை வருமானம் குறையும், அவ்வளவுதான்.