வெள்ளமும் தலைமழையும்: அறிவியலில் அளவையின் இடம்

மணிமேகலையின் அளவைப் பகுதிகளைப் பற்றி எழுதுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. அங்குக் கூறப்பெறும் கருதலளவையை எடுத்துக்காட்டி, தமிழர் அன்றே அறிவியல் முறையைக் கண்டனர் என முடித்துவிடுவர். கருத்தரங்குகளில் இம்முடிவைக் கேட்டு நாமும் கைதட்டியிருக்கிறோம். அளவையும் அறிவியலும் ஒன்றுதானா என்னும் வினா மட்டும் எழுப்பப்படுவதில்லை.

சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைவாதி கூறும் கருதல் வகைகளுள் ஒன்று எச்சம். ஆற்றில் வெள்ளம் கண்டு, தலைப்பகுதியில் மழை பெய்தது எனத் துணிவது அது. விளைவிலிருந்து காரணத்திற்குச் செல்லும் நெறி.

இந்நெறியின் வெற்றியை 19ஆம் நூற்றாண்டு வானியலில் காண்கிறோம். 1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸ், நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி கணித்த பாதையிலிருந்து விலகியது. காணாக் கோள் ஒன்று அதனை ஈர்ப்பதாகக் கொண்டு, பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே அக்கோளின் இருப்பிடத்தைக் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23ஆம் நாள் பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் தென்பட்டது. வெள்ளம் தலைமழையைக் காட்டிவிட்டது.

1859இல் அவரே புதனை ஆராய்ந்தார். கதிரவனுக்கு மிக அண்மையில் புதன் வரும் புள்ளி, கணக்கினும் சற்று விரைவாக இடம்பெயர்ந்தது. மீண்டும் காணாக் கோள். அதற்கு வல்கன் என்னும் பெயரும் இடப்பட்டது. கண்டோம் என்றவர்களும் இருந்தனர். 1877இல் மறையும்வரை லெவெரியே அதனை நம்பினார். அப்படியொரு கோள் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், புதுக்கோள் எதுவுமின்றி அவ்வேறுபாட்டை விளக்கியது. இங்கு வெள்ளம் மெய், தலைமழை பொய்.

இரண்டிடத்தும் அளவையின் வடிவம் ஒன்றே. விதியும் கோள்களின் பட்டியலும் சேர்ந்து தரும் முடிவு நோக்கலோடு முரண்பட்டால், அவற்றுள் ஏதோ ஒன்று பிழை என அளவை கூறும். எது பிழை என்று அது கூறாது. முதலில் குறையுடையதாக இருந்தது பட்டியல், பின்னர் விதி. இயற்பியலில் ஒரு கருதுகோளைத் தனித்துச் சோதிக்க இயலாது என டியூயம் 1906இல் வாதிட்டதன் பொருளும் இதுவே.

இதனால் அளவை சிறியதாகிவிடாது. புதனின் வேறுபாடு நூற்றாண்டுக்கு 43 விகலை, அதாவது ஒரு பாகையில் ஏறத்தாழ 84இல் ஒரு பங்கு. நியூட்டனின் விதியிலிருந்து சிறிதும் நெகிழாமல் முடிவுகளை வருவித்திராவிடில், இவ்வளவு நுண்ணிய இடைவெளி கண்ணிற்பட்டே இராது. நம் கட்டுரைகள் போற்ற வேண்டியது இக்கண்டிப்பையே என்பது எமது கருத்து.

மணிமேகலையை மீண்டும் நோக்குவோம். தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையில் அறவணவடிகள், கருதல் பிழைப்பதும் உண்டு என ஒப்புகிறார். ஆனால் புகை கண்டு நெருப்பைத் துணிவதுபோல் காரியத்தால் காரணத்தை அறியும் கருதல் பிழையாது என்கிறார். பாராட்டுரைகள் விரைந்து கடந்துபோகும் இடம் இது. வகுப்பறையில் நிறுத்தி விவாதிக்கத்தக்க இடமும் இதுவே. புகைக்கும் நெருப்புக்குமுள்ள தொடர்பு அடுக்களையில் நாள்தோறும் கண்டு உறுதிபெற்றது. கோளின் பிறழ்ச்சிக்கும் காணாக் கோளுக்குமுள்ள தொடர்போ 1846இல் ஒருமுறை கண்டது. லெவெரியே அதனையே புகையெனக் கொண்டார்.