போடி மண்டிக்கு மின்ட் சரிப்படுமா?

போடிநாயக்கனூர் ஏலக்காய் மண்டியில் கணினிக்கு உள்ள வேலை கொஞ்சம்தான்: கணக்கு, ஜிஎஸ்டி, மின்னஞ்சல், எப்போதாவது தமிழில் ஒரு கடிதம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய பெட்டியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10 ஆதரவு நின்றதற்கு முந்தைய மாதம் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 22.2 ‘ஸாரா’ அந்த இடத்தை நிரப்புமா?

இடைமுகத்தில் குறையில்லை. விண்டோஸ் பழகியவர் மின்ட்டின் சின்னமன் திரையில் தடுமாற மாட்டார். 4 ஜிபி நினைவகம் போதும், இன்னும் பழைய பெட்டிக்கு எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு உண்டு. ஆதரவு 2029 வரை. போடிமெட்டுக்கு மேலே, சிக்னல் வந்து போகும் எஸ்டேட் அலுவலகத்துக்கு இன்னொரு வசதி: புதுப்பிப்பை எப்போது இறக்குவது என்பது நம் கையில். புதிதாகச் சேர்த்த கைரேகைச் செயலி? ரேகை படிக்கும் கருவியே இல்லாத பழைய பெட்டிக்கு அது வெறும் அலங்காரம்.

தமிழில்தான் இடறுகிறது. ‘ஏலக்காய்’ என்று அடித்துப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகை விதிப்படி ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழ வேண்டும். அமைப்புகளில் சும்மா சேர்க்கும் தமிழ் விசைப்பலகையில் அது விழாது. ‘ஏலககாய்’ என்றே நிற்கும். ஆங்கிலத்தில் நிறுவிய கணினியில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவிக்கான எம்17என் பொதியைத் தேடிப் போட்டு, அதில் தமிழ்99-ஐச் சேர்த்தால் சரியாகும். இது தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் அன்றே விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார். எளிமையைப் பெருமையாகச் சொல்லும் வழங்கலுக்கு இது இழுக்கு.

லினக்ஸ் கையில் இருந்தாலே போதாது: தமிழக அரசின் இலவச மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பக்கத்தில் வைத்தால் மட்டும் பழக்கம் வந்துவிடாது, சொல்லித்தர ஆள் வேண்டும்.

பெரிய தடை, கணக்கு மென்பொருளான டாலி. அதற்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் இயக்கும் வைன் வழியே ஓட்டலாம் என்பார்கள். ஏலப் பணம் புரளும் கணக்கை அதை நம்பி வைக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே, டாலி ஓடும் பெட்டியில் கை வைக்காதீர்கள். கடையின் இரண்டாவது பெட்டிக்கும், வீட்டில் பிள்ளைகள் படிக்கும் மடிக்கணினிக்கும் மின்ட்டைத் தாராளமாகப் போடலாம். அதற்குமுன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பிரின்டர் அச்சடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.