நோவாவும் வாராந்தர நீதியும்

தோரா எனப்படும் ஐந்து நூல்களை யூதர்கள் 54 பகுதிகளாக வகுத்துள்ளனர். ஓய்வுநாள்தோறும் தொழுகைக் கூடத்தில் அவ்வாரத்துக்குரிய பகுதி ஓதப்படுகிறது. வாரங்கள் குறைவாக உள்ள ஆண்டுகளில் சில பகுதிகளை இரண்டிரண்டாக இணைத்து, ஓராண்டில் முழுவதையும் ஓதி முடிப்பர். இவ்வழக்கத்தை ஒட்டி, வாராந்தர விளக்கவுரை என்னும் ஓர் இலக்கிய வகையே வளர்ந்துள்ளது. பழங்கதை இன்று வாழ்வோனுக்கு என்ன சொல்கிறது என்று வாரந்தோறும் வினவுவதே அதன் பணி. மாணவர்க்கு நீதி புகட்டும் கடப்பாடுடைய நாம் இதனைக் கருத்தூன்றி நோக்குதல் தகும். அவ்வுரைகளின் சிறப்பும் சறுக்கலும் நம் வகுப்பறைகளிலும் காணப்படுவனவே.

சறுக்கலை முதலில் கூறிவிடுகிறேன். ஆண்டின் இரண்டாம் பகுதி நோவாவின் கதை. பெருவெள்ளம் வருமுன் பேழை செய்து, தம் குடும்பத்தையும் உயிரினங்களையும் காத்தவர் அவர். இதிலிருந்து, முன்கூட்டியே ஆயத்தமாக இரு, ஊரார் நகைப்பினும் கடமையைச் செய் என்றெல்லாம் எழுதிவிடுவது எளிது. (ஊரார் நகைத்ததாக ஆதியாகமத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பது வேறு.) இத்தகைய நீதிகளைக் கூற நோவா வேண்டியதில்லை, எறும்பே போதும்.

மூலத்தில் இருப்பதோ ஒரு முடிச்சு. நோவாவை நீதிமான் என்று கூறும் மூலம், தம் காலத்தவருள் என்னும் பொருள்படும் ஒரு சொல்லையும் உடன் வைக்கிறது. நீதிமான் என்றாலே போதாதா? காலத்தைச் சுட்டியது ஏன்? பிரான்சு நாட்டில் வாழ்ந்த பேருரையாசிரியர் ராஷி (1040–1105) இச்சொல்லுக்கு இரு கருத்துகளைத் தருகிறார். தீயோர் நடுவிலேயே நல்லவராக நின்றவர், நல்லோர் நடுவில் இருந்திருப்பின் இன்னும் உயர்ந்திருப்பார் என்பது ஒன்று. தீயோரோடு ஒப்பிட்டதால்தான் நல்லவர். ஆபிரகாமின் காலத்தில் வாழ்ந்திருப்பின் ஒரு பொருட்டாக எண்ணப்பட்டிரார் என்பது மற்றொன்று. நம் உரையாசிரியர்களும் 'என்பாரும் உளர்' என்று பிறர் கருத்தைக் காட்டுவர். சில வேளைகளில் மறுப்பதற்காகவே காட்டுவர். ராஷி இங்கே எதனையும் மறுக்கவில்லை, தீர்ப்பும் கூறவில்லை.

இவ்விரு கருத்துகளும் தல்மூதில் உள்ளவை. நோவாவை உயர்த்திப் பேசியவர் ரேஷ் லாக்கீஷ். குறைத்துப் பேசியவர் யோகனான். ரேஷ் லாக்கீஷ் கல்விக்கு வருமுன் கொள்ளையராகத் திரிந்தவர் என்பதும், அவரைக் கல்விக்கு ஈர்த்தவர் யோகனானே என்பதும் மரபு. தீய சூழலில் வழுவாதிருப்பது எத்துணை அரிது என்று பட்டறிந்தவரே நோவாவுக்காக வாதாடுகிறார் என எனக்குத் தோன்றுகிறது. எனினும், மறுதரப்பின் வலிமையைத் தள்ளிவிட இயலாது. சோதோம் நகரம் அழியவிருந்தபோது, ஐம்பது நல்லோரில் தொடங்கிப் பத்துப் பேர் வரை இறங்கி, இறைவனிடம் மன்றாடினார் ஆபிரகாம். உலகமே அழியப்போகிறது என்று கேட்ட நோவா பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கையூட்டு மலிந்த அலுவலகத்தில் தன் கையை மட்டும் தூய்மையாக வைத்துக்கொண்டு, ஏமாற்றப்படும் எளியவனுக்காக வாய் திறவாதவன் நல்லவனா? இவ்வினா இன்றைக்கு உரியது. மூலத்தின் ஒரு சொல்லிலிருந்தே எழுந்தது.

இம்முறையைப் பயிற்சியாக்கியவர் நெகாமா லெய்போவிட்ஸ் என்னும் ஆசிரியை. 1905இல் ரீகாவில் பிறந்து, எருசலேமில் ஆசிரியப் பயிற்சி அளித்தவர். 1942 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், வாரப் பகுதிக்குரிய வினாத்தாள்களை அஞ்சலில் அனுப்பினார். வந்த விடைகளைத் தம் கைப்படத் திருத்தித் திருப்பி அனுப்பினார். உரையாசிரியரை இங்கே உறுத்தியது யாது என்பதே அவர் ஓயாமல் கேட்ட வினா. நீதியை அவர் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. தனித்துப் படிப்போன் விடையின்றித் திகைப்பான் என்பது இம்முறையின் குறையே. ஆயினும் திகைப்பு கற்றலுக்குப் பகையன்று. 1997இல் மறைந்த அவருடைய கல்லறையில், அவர் விரும்பியவாறே, பெயருடன் ஆசிரியை என்னும் ஒரு சொல் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.

1991 முதல் 2013 வரை பிரித்தானியத் தலைமை ராபியாக விளங்கி, 2020இல் மறைந்த ஜோனதன் சாக்ஸ் பொதுவாசகர்க்காக எழுதியவர். நிலம் காய்ந்ததைக் கண்ட பின்னும், இறைவன் சொல்லும்வரை நோவா பேழைக்குள்ளேயே காத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். அழிந்த உலகைத் திரும்பக் கட்ட எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. இது வலிந்து ஏற்றிய நீதியன்று. கதையிலுள்ள அந்தத் தாமதமே அதற்குச் சான்று. ஆனால் வேறு சில வாரங்களில் தத்துவமும் உளவியலும் முந்திக்கொள்ள, அவ்வாரப் பகுதி வாயிற்படியிலேயே நின்றுவிடுகிறது.

இறுதிப் பகுதியை ஓதி முடிக்கும் நாளிலேயே யூதர்கள் மீண்டும் படைப்புக் கதையைத் தொடங்கிவிடுகின்றனர். அதனை அடுத்து வருவது நோவாவின் வாரம். நெகாமா அதே பகுதிக்கு ஆண்டுதோறும் வேறு வினாக்களை எழுதி அனுப்பினார்.