பட்டியும் பாவுகல்லும்: இரு எபாக்சி பட்டிகளின் மதிப்பீடு

வெள்ளீயக் கலவையில் வார்க்கப்படும் 28 மில்லிமீட்டர் சிற்றுருவங்களில் பல, உடல், கை, ஆயுதம் எனத் தனித்தனித் துண்டுகளாகவே வருகின்றன. அவற்றை ஒட்டும்போது தோளும் கையும் சேருமிடத்தில் மெல்லிய இடுக்கு விழுவது இயல்பு. வெறும் உலோகமாக இருக்கும்வரை அது கண்ணில் படாமல் போகலாம்; ஆனால் மடிப்புகளுக்கு நிழல் தருவதற்காக நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டதும், அது முதலில் தேங்குவது அந்த இடுக்கில்தான். இந்த இடுக்கை அடைப்பதற்கும், உருவம் நிற்கும் பீடத்தில் ஐரோப்பிய நகரங்களின் கல் பாவிய தெருவை அமைப்பதற்கும் ஒரே பட்டியைப் பயன்படுத்துவோர் பலர். வேல்ஸில் தயாராகும் மில்லிபுட்டையும், 'கிரீன் ஸ்டஃப்' என்ற பெயரில் விற்கப்படும் நீடடைட்டையும் அருகருகே வைத்து வேலை செய்து பார்த்தால், இரண்டு வேலைகளுக்கும் இரண்டு வெவ்வேறு குணங்கள் தேவை என்பது புலப்படும்.

இரண்டுமே எம்-சீல் வகையைச் சேர்ந்த எபாக்சி பட்டிகள். அதாவது பிசின் ஒரு கூறாகவும் இறுக்கி மறு கூறாகவும் இருந்து, சம அளவில் பிசைந்த பின்னரே இறுகத் தொடங்குபவை. மில்லிபுட் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேலைக்கு வளைந்துகொடுத்து, அறை வெப்பத்தில் மூன்று நான்கு மணி நேரத்தில் கல்போல் இறுகும். பிறகு அதை அரத்தால் ராவலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம், துளையிடலாம். நாடாவாக வரும் நீடடைட் முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு நாள் ஆவதோடு, இறுகிய பின்னும் ரப்பர் தன்மையை விடுவதில்லை. உப்புத்தாள் பட்டால் வழவழப்பாகாமல் பிசிறு எழுகிறது. நாடாவின் நடுவில் நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில் பட்டி முன்கூட்டியே இறுகியிருக்குமாதலால், அந்தப் பகுதியை வெட்டி எறியாமல் பிசைந்தால் குருணை தட்டும்.

இடுக்கு அடைப்பதில், இடம்தான் பட்டியைத் தீர்மானிக்கிறது. மேலங்கி மடிப்பு, முடி போன்ற நெளிவான பரப்புகளில் நீடடைட்டே மேலானது: நூல்போல் உருட்டி இடுக்கில் வைத்து, ஈரமான ஊசியால் அழுத்தி, மடிப்பை அப்படியே தொடர்ந்து இழுத்துவிடலாம், அது கிழியாது, உலோகத்தை நன்றாகப் பற்றும். கவசம், வண்டிப் பலகை போன்ற சமதளங்களுக்கு மில்லிபுட் ஏற்றது. நீர்விட்டுக் குழைத்துத் தூரிகையால் தடவினால் மயிரிழை இடுக்கிலும் அது இறங்கும். கரைப்பான் கலந்த குழாய்ப் பட்டிகள் காயும்போது சுருங்குவதால், ஆழமான இடுக்குகளுக்கு அவை உதவா.

கல் தளத்திற்கு மில்லிபுட்டை விஞ்சுவது கடினம். எடைக்கு எடை அது மலிவு என்பதும் ஒரு காரணம். சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் பீடத்தில் பரப்பி, ஒட்டும் தன்மை தணியும்வரை அரை மணி நேரம் விட்டுக் கீறினால் கோடு இழுபடாது. 10 சென்டிமீட்டர் கருங்கல் கட்டி, 1:56 அளவீட்டில் 1.8 மில்லிமீட்டராகவும், 1:35 அளவீட்டில் ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டராகவும் அமைய வேண்டும். கடைகளில் கிடைக்கும் பீடங்கள் பலவற்றில் கற்கள் இதைவிடப் பெரிதாக இருப்பதால் போர்வீரன் குள்ளமாகத் தோன்றுகிறான். செவ்வகக் கற்கள் பாவிய தெருக்களில் வரிசைகள் பொதுவாகச் சாலைக்குக் குறுக்காகச் செல்லும். குதிரையின் குளம்புக்குப் பிடிப்புத் தருவதற்காகவே அவ்வாறு அமைத்தனர். ஆகவே உருவம் தெருவழியே நடப்பதாகக் காட்டினால், அது வரிசைகளைக் குறுக்காகக் கடக்க வேண்டும். உருவத்தோடு சேர்த்து வார்க்கப்பட்ட காலடித் தகட்டின் விளிம்புவரை பட்டியை உயர்த்தி, கற்கோடுகளைத் தகட்டின் மீதும் தொடர்ந்தால் தகடு மறைந்துவிடும்.

ஸ்பெயினின் கிரீன் ஸ்டஃப் வேர்ல்டு விற்கும், கல் வடிவம் பொறித்த அக்ரிலிக் உருளைகள் இந்த வேலையை நொடிகளில் முடிக்கின்றன. உருளையை நனைத்துக்கொண்டால் பட்டி ஒட்டாது. ஒரு படைப்பிரிவுக்கே பீடம் செய்வோருக்கு அது பெரும் உதவி. ஆனால் ஒரு சுற்று முடிந்ததும் அதே கற்கள் திரும்ப வருகின்றன. சக்கரத் தடமோ, அமிழ்ந்த கல்லோ, நீர் வடிவதற்காகச் சாலை நடுவில் இருக்கும் மேடோ அதில் கிடைப்பதில்லை. காட்சிக்கு வைக்கும் தனி உருவத்திற்குக் கையால் கீறிய தளமே தகுதியானது. பட்டி இறுகும் முன் சில கற்களை விரல்நுனியால் அமிழ்த்தி, இறுகிய பின் விளிம்புகளை லேசாகத் தேய்த்தால் நூற்றாண்டுத் தேய்மானம் வந்துவிடும்.

இறுகாத எபாக்சி அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை தோன்றக்கூடும் என்பதால் பிசையும்போது நைட்ரைல் கையுறை அவசியம். தேய்க்கும்போது உப்புத்தாளை நனைத்துக்கொண்டால் தூசு மூச்சில் ஏறாது.