மேற்கோள் எண்ணிக்கையும் மண்சரிவு வரைபடமும்: சூழல் விஞ்ஞானத்தை அளப்பது பற்றி

வரக்காப்பொல நகரில் கண்டி வீதியோரமாக உள்ள தேநீர்க் கடையொன்றில் பத்திரிகை வாசிப்பது எனது பழைய பழக்கம். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், விஞ்ஞானச் செய்தி எதையும் கண்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி வாசித்துவிடுவேன். அன்றைக்கு வந்திருந்தது, வருடந்தோறும் வருகிற அதே செய்தி: உலகின் முன்னணி இரண்டு வீத விஞ்ஞானிகள் பட்டியலில் நமது பல்கலைக்கழக ஆய்வாளர்கள். சூழல் விஞ்ஞானத்துறையினரும் அதில் இருந்தார்கள்.

எதிரே ஒருவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். புளத்கொஹுபிட்டிய பக்கம் இறப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவர். மகளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவராம். நான் வாசித்து முடித்ததும் மெதுவாகக் கேட்டார்:

“சேர், இதுல எங்க லயத்துக்கு மேல இருக்கிற மலை சரியுமா சரியாதான்னு சொல்ற ஆளு யாருங்க?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பட்டியல் அந்தக் கேள்விக்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. அப்படியென்றால் அது எந்தக் கேள்விக்கான பதில்? அதை நாம் ஏன் எல்லாக் கேள்விகளுக்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறோம்? இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் பிறந்தது.

முதலில் பட்டியலுக்கு நியாயம் செய்துவிடுவோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் அயோனிடிஸ், வேறு மூவருடன் சேர்ந்து 2019இல் வெளியிட்ட முறை அது. எல்ஸெவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவுத்தளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டினர், அவர் தனி ஆசிரியரா, முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா என்பன போன்ற ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு புள்ளி கணிக்கிறார்கள். விஞ்ஞானத்தை 22 துறைகளாகவும் 174 உப துறைகளாகவும் பிரித்து, ஒரே உப துறையில் உள்ளவர்களையே ஒப்பிடுகிறார்கள். தன்னைத் தானே மேற்கோள் காட்டியவற்றைக் கழித்தும் காட்டுகிறார்கள். நேர்மையான, கவனமான வேலைதான்.

குறை, நமது பத்திரிகைகள் அதைச் சொல்லும் விதத்தில் தொடங்குகிறது. அது ஸ்டான்ஃபோர்ட் வழங்கும் விருது அல்ல, ஒரு கணக்கு. அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு: ஒன்று வாழ்நாள் பணிக்கு, மற்றது ஒரு வருடத்துக்கு. எதில் பெயர் வந்தது என்று செய்தியில் எழுதுவார் அரிது. ‘செல்வாக்கு மிக்க விஞ்ஞானிகள்’ என்று தலைப்பிடுகிறார்கள். யார் மீது செல்வாக்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும் மற்ற ஆய்வாளர்கள் மீது என்பதே அதற்கான சரியான விடை.

மேற்கோளை எண்ணும் பழக்கம் வந்த கதையையும் பார்க்க வேண்டும். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் இந்த யோசனையை முன்வைத்து, 1964இல் விஞ்ஞான மேற்கோள் சுட்டியை வெளிக்கொணர்ந்தார். ஒரு கருத்து எந்தக் கட்டுரையில் பிறந்து எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பிடிப்பதற்கான வழிகாட்டி அது. 2005இல் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் எச்-சுட்டெண்ணைத் தந்தார். ஒருவரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது எச்-சுட்டெண் 20. விளங்கிக்கொள்ள இலகு, அதனாலேயே ஆபத்து. நூலகத்தில் வழி காட்ட வந்த கைகாட்டி, ஆளை நிறுக்கும் தராசாகிவிட்டது.

சூழல் விஞ்ஞானத்தில் இந்தத் தராசு எப்படி நிறுக்கிறது? நாட்டுக்குள்ளேயே மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

முதலாவது, நமது சபரகமுவ மாகாணத்தையும் தொட்டு நிற்கும் சிங்கராஜ வனம். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அங்கே இயந்திரங்கள் கொண்டு மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து, 1977இல் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1988இல் அது உலக மரபுரிமைத் தலமானது. பின்னர் 1993இல், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகிய பேராசிரியர்களின் முயற்சியில், 25 ஹெக்டேயர் நிலத்தில் ஒரு சென்ரிமீற்றர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் இலக்கமிட்டு அளக்கும் வேலை தொடங்கியது. அதிலிருந்து வந்த கட்டுரைகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. இதைப் பொறுத்தவரை தராசு சரியாகவே நிறுக்கிறது. ஆனால் வெட்டாமல் விடப்பட்ட காட்டுக்கு மேற்கோள் இல்லை. அட்டைக்கடி பட்டு மரம் மரமாக அளந்த உதவியாளர்களுக்கும் இல்லை.

இரண்டாவது, வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய். 2014இல் சன்ன ஜயசுமன உள்ளிட்ட மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கிளைபொசேற் என்ற களைநாசினி, கடின நீருடனும் உலோகங்களுடனும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்ற கருதுகோளை அது முன்வைத்தது. நிரூபணம் என்று அல்ல, கருதுகோள் என்றுதான். அது பல நூறு தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஆதரித்தவர்களும் இருக்கிறார்கள், போதிய ஆதாரம் இல்லை என்று கடுமையாக மறுத்தவர்களும் இருக்கிறார்கள். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘இது பிழை’ என்று எழுதினாலும் கணக்கில் ஒன்று கூடும்.

இந்தக் கட்டுரைக்கு மேற்கோளுக்கு வெளியேயும் ஒரு தாக்கம் இருந்தது. 2015இல் அரசாங்கம் கிளைபொசேற்றைத் தடை செய்தது. தோட்டங்களில் களை மண்டியது, கையால் பிடுங்க ஆள் போதவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. அந்த வருடங்களில் புல்லுக்குள் இறங்கி நின்றவர்களின் நாட்கூலியிலும் முதுகிலும் அந்தத் தாக்கம் பதிந்தது. அந்தக் கருதுகோள் சரியா பிழையா என்ற தீர்ப்பை நான் இங்கே சொல்ல வரவில்லை. மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து அந்தத் தீர்ப்பை யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் எனது பேச்சு.

மூன்றாவதுதான் தேநீர்க் கடைக்காரரின் மலை. 2016 மே 17. அரநாயக்க சாமசர மலை சரிந்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் இறங்கி, தோட்டக் குடும்பங்களைக் கொண்டுபோனது. இரண்டும் நமது கேகாலை மாவட்டம்.

மலை சரியுமா என்ற கேள்வியோடு வேலை செய்பவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் புவிச்சரிதவியலாளர்கள் கேகாலை, இரத்தினபுரி உட்பட மலைப்பாங்கான மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறார்கள். சாய்வு, மண், பாறை, நீரோட்டம், நிலப் பயன்பாடு எல்லாம் பார்த்து நிறம் தீட்டிய வரைபடங்கள். மழைக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிரு, 100 ஆனால் ஆயத்தமாகு, 150 ஆனால் வெளியேறு. மனித உயிரோடு இவ்வளவு நேரடியாகப் பேசும் விஞ்ஞானம் குறைவு. ஆனால் வரைபடம் ஆய்வுக்கட்டுரை அல்ல. எச்சரிக்கை அறிவித்தலை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அதைக் கேட்டு உயிர் பிழைத்த குடும்பம் எந்தச் சஞ்சிகையிலும் எழுதப்போவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வரைபடம் இருந்தும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்றால், எங்கேயோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. வரைபடம் கிராம உத்தியோகத்தர் கைக்குப் போனதா? லயத்தில் இருப்பவருக்கு விளங்கும் தமிழில் போனதா? போகச் சொன்னால் போக வேறு இடம் இருந்ததா? சூழல் விஞ்ஞானத்தின் உண்மையான தாக்கத்தை அளப்பதென்றால் இவற்றைத்தான் அளக்க வேண்டும். மேற்கோள் எண்ணிக்கை அந்த விஞ்ஞானியின் வெற்றியையும் காட்டாது, தோல்வியையும் காட்டாது.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு இது புதிய சிக்கலாக இருக்க முடியாது. நமது ஹதீஸ்கலை அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதில் தெளிவாக இருந்தார்கள். ஒரு செய்தி எத்தனை பேர் வாயில் புழங்குகிறது என்பது வேறு, அது நம்பத்தக்கதா என்பது வேறு. 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இமாம் ஸகாவி, மக்கள் நாவில் பிரபலமான ஹதீஸ்களை மட்டும் திரட்டி, ஒவ்வொன்றின் தரத்தையும் ஆராய்ந்து ‘அல்மகாஸிதுல் ஹஸனா’ என்ற நூலை எழுதினார். பிரபலமானவற்றில் பலவீனமானவையும், ஆதாரமே இல்லாதவையும் இருந்தன. அறிவிப்பாளர்களை எண்ணுவதோடு நிற்காமல், ஒவ்வொருவரும் யார், எப்படிப்பட்டவர் என்று கேட்ட மரபு அது. அந்த மரபில் வந்த நாம், ஒரு கணினித் தரவுத்தளம் தரும் எண்ணைக் கண்டு கைதட்டிவிட்டு நகர்வது பொருத்தமில்லை.

இதையெல்லாம் என்னிடம் படித்து இப்போது பல்கலைக்கழகமொன்றில் சூழல் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“சேர், எண்ணிக்கை வேணாம் எண்டு சொல்றது லேசு. எண்ணிக்கை இல்லாட்டி என்ன இருக்கும் தெரியுமா? ஆள் தெரிஞ்சவங்களுக்குப் பதவி. என்ட வாப்பாக்கு ஆரையும் தெரியாது. என்ட கட்டுரைகள்தான் எனக்காகப் பேசின.”

நான் அடங்கிப்போனேன். அவர் சொன்னது உண்மை. சிபாரிசும் கட்சியும் இனமும் கதவு திறக்கும் நாட்டில், எண் என்பது ஏழைப் பிள்ளைக்கு ஒரு கேடயம். அதைப் பறிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

“சரி மகள், அந்தத் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய் மழை அளக்கப் பழக்கினீங்களே, அதுக்கு எத்தனை புள்ளி கிடைச்சது?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை சேர். அந்த மூணு மாசத்துல ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம் எண்டு மேலே சொன்னாங்க. அடுத்த வருசம் போகல்ல.”

பிரச்சினை இந்த இடத்தில்தான் இருக்கிறது. பட்டியலில் பெயர் வந்தவர் கெட்டிக்காரர்தான், அதில் தகராறில்லை. எண்ணப்படாத வேலையைக் கெட்டிக்காரர்கள் கைவிடத் தொடங்குகிறார்கள். மாணவர்கள் போத்தலில் மழை அளக்கும் அந்தப் பாடசாலைக்கு அடுத்த வருடம் யாரும் போகவில்லை. அந்த நட்டம் எந்தத் தரவுத்தளத்திலும் பதியப்படவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2012இன் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், சஞ்சிகையின் மதிப்பெண்ணைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடாதீர்கள் என்றது. 2015இன் லெய்டன் அறிக்கை, எண்கள் நிபுணர்களின் தீர்ப்புக்குத் துணையாக இருக்கட்டும் என்றது, அந்தந்த நாட்டுக்குத் தேவையான ஆய்வைப் பாதுகாக்கும்படியும் கேட்டது. பிரித்தானியா 2014இல் செய்த பல்கலைக்கழக மதிப்பீட்டில், ஆய்வு வெளியுலகில் என்ன மாற்றம் செய்தது என்பதை ஆதாரத்துடன் எழுதிக் காட்டச் சொல்லி, அதற்கு 20 வீதம் புள்ளி ஒதுக்கியது. 2021இல் அதை 25 வீதமாக்கியது. அங்கேயும் குறைகள் உண்டு. அழகாகக் கதை எழுதத் தெரிந்தவருக்கு அது வாய்ப்பாகிவிடும். ஆனாலும் கேள்வியாவது சரியான கேள்வி.

நமது பல்கலைக்கழகங்கள் பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு பக்கத்தைக் கூட்டினால் போதும்: உமது ஆய்வை யார் பயன்படுத்தினார்கள், அதற்கு என்ன சாட்சி? பிரதேச செயலகத்தின் ஒரு கடிதம், பாடசாலையின் ஒரு பதிவேடு, திருத்தப்பட்ட ஒரு சுற்றுநிருபம். தமிழிலோ சிங்களத்திலோ எழுதிய விளக்கத்துக்கும் அதில் இடம் வேண்டும். மேற்கோள் எண்ணும் பக்கத்திலேயே இருக்கட்டும், என் மாணவியின் கேடயத்தை யாரும் பறிக்க வேண்டாம். நமது பத்திரிகைகளும் அடுத்த வருடப் பட்டியல் வரும்போது, பெயருக்குப் பக்கத்தில் அவர் என்ன கண்டுபிடித்தார் என்று இரண்டு வரி எழுதினால் வாசகனுக்குப் பயன்.

அந்தப் பால் வெட்டுகிறவரைப் பிறகு ஒரு நாள் அதே கடையில் சந்தித்தேன். என் மாணவி அனுப்பியிருந்த வலய வரைபடத்தைப் போனில் திறந்து காட்டினேன். அவரது தோட்டத்தைக் கண்டுபிடிக்கவே எங்கள் இருவருக்கும் வெகுநேரம் எடுத்தது. நிறத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“இது எப்பங்க சேர் போட்டது?” என்றார்.

“கொஞ்சக் காலம் ஆச்சு.”

“அப்பவே தெரிஞ்சிருக்கு” என்றார். பிறகு, அதை ஒரு தாளில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். பக்கத்துக் கடையில் அச்சிட்டுக் கொடுத்தேன்.